தெருவில் நடக்கும் பாத்தியதை

(பள்ளிக்கூடத் தெருவில் வண்டிகள் நிறுத்துவது பற்றியும், ஜனங்கள் பயமின்றி நடமாடுவது பற்றியும் முனிசிபாலிட்டிக்கு மகஜர் கொடுப்பதற்காகக் கூடிய வார்டுவாசிகள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்.)



இந்த மகஜரில் இருநூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று தலைவரவர்கள் சொன்னார்கள். சந்தோஷம். நாளைக் காலையில் அதை எடுத்துக்கொண்டு முனிசிபல் ஆபீசுக்குப் போகப் போகிறீர்கள். போவதற்கு முன் நம்மையும் நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டதால் வந்திருக்கிறோம். நாம் சொல்லுவதில் சில உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பிடித்ததை மாத்திரம் சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு போக எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதற்கு நாம் வேண்டியதில்லை.

போன மாதம் பள்ளிக்கூட முனையில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் லாரியில் அடிபட்டுச் செத்துப் போனான். அன்று அங்கே கூடியிருந்தவர்கள் பேசிக்கொண்டது என்ன? "அவன் விதி அவ்வளவுதான்" என்றார் ஒருவர். "நேரம் வந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்" என்றார் மற்றொருவர். "பெற்றவள் செய்த பாவம்" என்று சொன்னவர்களும் உண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிற ஒரு தாயைப் பார்த்து இப்படிச் சொல்ல வாய் வருகிறதென்றால், அந்த வாய்க்கு அதைப் பழக்கிக் கொடுத்த மதத்தின் யோக்கியதையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நடந்த சங்கதி என்ன? அந்த முனையில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. பையன் அந்த வேனைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் கால் வைத்தான். லாரி ஓட்டியவருக்குப் பையன் தெரியவில்லை. பையனுக்கு லாரி தெரியவில்லை. வேன் அங்கே நிற்காமலிருந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். லாரி கொஞ்சம் மெதுவாக வந்திருந்தால் வேன் நின்றும்கூடப் பையன் பிழைத்திருப்பான். இதில் பிரமன் எழுதியது எந்த இடத்தில் இருக்கிறது? வேனை நிறுத்தியவர் எழுதினார். அங்கே நிறுத்தக்கூடாது என்று ஒரு பலகை நடாத முனிசிபாலிட்டி எழுதிற்று. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போன நீங்களும் ஒரு வரி எழுதினீர்கள். இத்தனை பேர் சேர்ந்து எழுதியதை இல்லாத ஒருவன் தலையில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் சௌகரியமாய்ப் போய்விடுகிறது.

விதி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த விதி தேசத்துக்குத் தேசம் ஏன் வித்தியாசப்படுகிறது? சர்க்கார் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் ரோட்டு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் மாத்திரம் 32,825 பேர். அதாவது கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, சும்மா காலால் நடந்து போன குற்றத்திற்காக தினம் தொண்ணூறு பேர் சாகிறார்கள். நமது தமிழ்நாட்டில் அந்த வருஷம் 64,105 விபத்துகள்; செத்தவர்கள் 17,884 பேர்; நாளொன்றுக்கு 49 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் இந்தியாவிலேயே முதல் ஸ்தானம் நமக்குத்தான். கோயிலுக்கும் குளத்துக்கும் குறைவில்லாத நாடு இது. வண்டி வாங்கினால் முதலில் கோயில் வாசலுக்குத்தான் ஓட்டுகிறோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆயுத பூசைக்குப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துப் போட்டு, அதில் வழுக்கி விழுகிறவனுடைய எலும்பையும் உடைக்கிறோம். பழமும் பூசணிக்காயும் காப்பாற்றுகிற சாதனமாயிருந்தால் நமது நாட்டில் ஒரு சாவுகூட இருக்கக்கூடாதே!

இனி ஹாலந்து தேசத்தைப் பாருங்கள். அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். 1971இல் அந்தச் சின்ன தேசத்தில் சுமார் 3,300 பேர் ரோட்டில் செத்தார்கள். அவர்களில் 400 பேருக்கு மேல் குழந்தைகள். தன் பெண் குழந்தையை அப்படிப் பறிகொடுத்த ஒரு பத்திரிகைக்காரர் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பது அதன் தலைப்பு. அவர் விபத்து என்று சொல்லவில்லை, விதி என்று சொல்லவில்லை, கொலை என்று சொன்னார். அந்தத் தலைப்பையே பெயராக வைத்துக்கொண்டு தாய் தகப்பன்மார் ஒரு இயக்கம் ஆரம்பித்தார்கள். குழந்தை செத்த இடத்தில் போய் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். தெருவின் நடுவில் நீளமாக மேஜைகளைப் போட்டு, அக்கம்பக்கத்தார் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் குழந்தைகளே தாங்கள் விளையாட இடம் வேண்டுமென்று தெருவை அடைத்தார்கள். வண்டிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, சண்டைக்கு வந்தார்கள். ஆனாலும் ஜனங்கள் விடவில்லை.

அதன் பலன் என்ன? டெல்ஃப்ட் என்கிற ஊரில் ஆரம்பித்த ஒரு ஏற்பாட்டை 1976இல் சர்க்காரே சட்டமாக்கிற்று. குடியிருப்புத் தெரு என்றால் அதன் முழு அகலமும் நடக்கிறவனுக்குப் பாத்தியம். குழந்தை நடுவில் விளையாடலாம். கார் வரலாம், ஆனால் மனிதன் நடக்கிற வேகத்தில்தான் வரவேண்டும். குறிப்பிட்டு அடையாளம் போட்ட இடம் தவிர வேறெங்கும் நிறுத்தக்கூடாது. இப்படி ஒன்றன் பின் ஒன்றாகச் செய்து, 3,300ஆக இருந்த சாவு 2023இல் 684ஆகக் குறைந்திருக்கிறது. ஜனத்தொகைக்குத் தக்கபடி பார்த்தாலும் தமிழ்நாட்டில் சாகிறவர்கள் அவர்களைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அவர்களிடம் நம்மைவிட அதிகம் கார்கள் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். எமதர்மராஜன் ஹாலந்துக்குப் போகிற வழியை மறந்துவிட்டானா, அல்லது அங்கே பார்க்கிங் கிடைக்கவில்லையா?

முனையில் வண்டி நிறுத்துவதைப் பற்றி மாத்திரம் இன்னும் ஒரு உதாரணம் சொல்லுகிறோம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தில் ஹோபோக்கன் என்று ஒரு ஊர். ஜனத்தொகை சுமார் அறுபதினாயிரம். நமது நடுத்தர முனிசிபாலிட்டி அளவுதான். ஜனங்கள் ரோட்டைக் கடக்கிற இடத்திலிருந்து 25 அடிக்குள் வண்டி நிறுத்தக்கூடாது என்பது அந்த மாகாணத்தின் சட்டம். சட்டம் எல்லா ஊரிலும் இருந்தது. ஆனால் ஹோபோக்கன்காரர்கள்தான் அதைக் காகிதத்திலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முனைகளில் கம்பமும் கல்லும் நட்டு, வண்டி நிறுத்த முடியாதபடி செய்தார்கள். சில இடங்களில் சைக்கிள் நிறுத்தும் சட்டத்தையும், செடித் தொட்டியையும் வைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் ரோட்டு விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. நமது முனையில் அந்த வேன் நின்ற இடத்தில் நாலு கல்லை நட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும்? ஒரு கும்பாபிஷேகத்து வாணவேடிக்கைக்கு ஆகிற செலவில் ஊர் முழுவதற்கும் நட்டு முடித்திருக்கலாம்.

நமக்கும் சட்டம் இல்லாமலில்லை. 2017இல் இந்திய சர்க்கார் செய்த மோட்டார் வாகனம் ஓட்டும் விதிகளில், நடைபாதையில் வண்டி நிறுத்தக்கூடாது, ஜனங்கள் கடக்கிற கோட்டின்மேல் நிறுத்தக்கூடாது, சந்திப்பிலிருந்து 50 மீட்டருக்குள் நிறுத்தக்கூடாது, பள்ளிக்கூட வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நிறுத்தக்கூடாது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ரோட்டுச் சாவுகளைப் பற்றிக் கோயம்புத்தூர் எலும்பு வைத்தியர் ஒருவர் 2012இல் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். உடைந்து வருகிற எலும்புகளைக் கட்டிக் கட்டி அலுத்துப்போய், உடைகிற இடத்தையே சரிசெய்ய வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த வழக்கில்தான் 2025 மே மாதத்தில், தடங்கலில்லாத நடைபாதை, அதுவும் ஊனமுற்றோரும் உபயோகிக்கக்கூடிய நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி மனிதனுக்குள்ள உரிமை என்று கோர்ட்டார் சொன்னார்கள். ஒரு வைத்தியர் போட்ட மனு இத்தனை தூரம் போயிருக்கிறது. ஆகவே மகஜரால் என்ன ஆகப்போகிறது என்று இங்கே பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளட்டும்.

நமது இயக்கத்தாருக்குத் தெருவில் நடப்பது என்பது புதிய விஷயமல்ல. 1924-25இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் எதற்காக? கோயிலுக்குள் போவதற்காகக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள பொது ரோட்டில் ஈழவரும் புலையரும் மற்றவர்களைப்போல் நடந்து போவதற்காக. நாயும் மாடும் போகிற தெருவில் மனிதன் போகக்கூடாது என்றிருந்ததை எதிர்த்துத்தான் பெரியார் சிறைக்குப் போனார். பொது ஜனங்களுடைய வரிப்பணத்தில் போட்ட ரோட்டில் நடக்க ஒருவனுக்கு உரிமை உண்டா இல்லையா என்பதுதான் அன்று கேள்வி. இன்று ஜாதியைச் சொல்லித் தடுப்பதில்லை, காரை நிறுத்தித் தடுக்கிறார்கள். ஆனால் தடுக்கப்படுகிறவன் யார் என்று பாருங்கள். காரில் போகிறவனுக்கு நடைபாதை இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. நடந்து வேலைக்குப் போகிற பெண்களுக்கும், பஸ்ஸுக்கு நிற்கிற கிழவனுக்கும், மெயின் ரோட்டைத் தாண்டிச் சேரியிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கும்தான் நஷ்டம். செத்துப் போன பையனும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன்தான். ஆனால் உங்கள் மகஜரில் மெயின் ரோட்டைக் கடக்கிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, அது ஏன்? உங்கள் வீட்டு வாசலில் வெளியூர்க்காரர் காரை நிறுத்துவது ஏழாவது பாரா வரையில் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தினம் இரண்டு தடவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற இடம் எழுதப்படவில்லை. முதலில் அதைச் சேர்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அந்தப் பக்கத்து ஜனங்களிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு அவர்களில் பத்துப் பேர்கூட வரவில்லை என்பதைப் பார்க்கிறோம். கூப்பிட்டால் வருவார்கள்.

இப்போது பிடிக்காத விஷயத்துக்கு வருகிறோம். இந்தத் தெரு முப்பதடி அகலம். இருபுறமும் கார் நிறுத்தினால் பக்கத்துக்கு ஆறடி வீதம் பன்னிரண்டு அடி போய்விடுகிறது. மிச்சமுள்ள பதினெட்டு அடியில்தான் பஸ், லாரி, ஆட்டோ, சைக்கிள், குழந்தை, கிழவி எல்லோரும் போகவேண்டும். நிற்கிற கார்களெல்லாம் வெளியூர்க் கார்களா? நாம் வரும்போது எண்ணிக்கொண்டே வந்தோம். பெரும்பாலானவை இந்தத் தெருக்காரர்களுடையவைதான். கையெழுத்துப் போட்டவர்களுடையவையும் அதில் இருக்கின்றன. ஒரு காரை நிறுத்த நூற்றிருபது, நூற்றிமுப்பது சதுர அடி வேண்டும். அந்த அளவில் ஒரு அறைக்கு இந்த ஊரில் என்ன வாடகை என்று உங்களுக்கே தெரியும். காசில்லாத ஏழை ஒருவன் அதே இடத்தில் ஒரு கூரை போட்டுக்கொண்டால் மறுநாளே ஆக்கிரமிப்பு என்று மகஜர் எழுதுவீர்கள். கார் இருபத்திரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு இல்லையா? வீட்டுக்குள் காரை ஏற்றுவதற்காக நடைபாதையை மறித்துச் சாய்வாக சிமெண்டு மேடை போட்டிருக்கிறீர்களே, அதில் ஏறி இறங்க முடியாமல்தான் கிழவர்கள் நடுரோட்டில் நடக்கிறார்கள். வீடு கட்ட பிளான் கொடுத்தபோது வண்டி நிறுத்தக் காட்டிய இடத்தில் பின்னால் கடை கட்டி வாடகைக்கு விட்டவர்களும் இங்கே இருக்கலாம். யார் என்று நாம் கேட்கவில்லை, அவரவருக்குத் தெரியும். (சிரிப்பு.)

அதைவிட்டு, மகஜரின் நாலாவது பாராவில் காய்கறி விற்கிறவர்களையும் பூ விற்கிறவர்களையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது நியாயமா? ஒரு கூடைக்காரியம்மாள் உட்காருகிற இடம் எத்தனை அடி? அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுக்க வேண்டும், கமிட்டி போடவேண்டும் என்று 2014இல் தெரு வியாபாரிகள் சட்டமே செய்திருக்கிறார்கள். அந்தப்படி இடம் குறித்துக் கொடு என்று கேளுங்கள். விரட்டு என்று கேட்காதீர்கள். நூற்றிருபது சதுர அடி எடுத்துக்கொண்டவன் பத்து சதுர அடிக்காரியின்மேல் புகார் எழுதுவதைப் பார்த்தால் ஆபீசில் உள்ளவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

முனையில் ஒரு பிள்ளையார் வேறு இருக்கிறார். பத்து வருஷத்துக்கு முன் ஒரு கல்லாக வந்தவர், இப்போது தகரக் கூரையும், கிரில் கதவும், உண்டியலுமாக வளர்ந்திருக்கிறார். பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு மெயின் ரோடு தெரியாமல் மறைப்பதில் அந்த வேனுக்கு அடுத்தபடி இவர்தான். பொது ரோட்டிலும் பூங்காவிலும் இனி கோயிலோ, சர்ச்சோ, மசூதியோ, குருத்துவாராவோ எழுப்ப விடக்கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டார் 2009 செப்டம்பரில் உத்தரவு போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நமது பிள்ளையார் கூரை போட்டுக்கொண்டார். விக்கினம் தீர்க்கிறவர் என்று சொல்லிக்கொண்டு ரோட்டுக்கே விக்கினமாக உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? மகஜரில் இதைப் பற்றி எழுத உங்களில் பலருக்குப் பயம். எழுதவேண்டும் என்றே சொல்லுகிறோம். பக்தி உள்ளவர் எவரேனும் தன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் இடம் கொடுக்கட்டும். யாரும் கொடுக்கமாட்டார்கள், ஏனென்றால் அங்கே கார் நிற்கவேண்டும்.

அடுத்தது வேகத்தடை. எல்லோரும் இதைத்தான் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான், ஆனால் எப்படிப்பட்டது என்று சேர்த்துக் கேளுங்கள். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறவன், ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி எடுத்துக்கொண்டால், அந்த ஒரு வினாடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 30இல் வந்தால் 8 மீட்டர்தான். வேகம் இரட்டித்தால் மோதுகிற பலம் இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகிறது. இது சாஸ்திரிகள் சொன்ன சாஸ்திரமல்ல, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற சாஸ்திரம். ஆகவே வேகத்தைக் குறைப்பதுதான் முக்கியம். அதற்காகக் காண்டிராக்டர் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போகிற, சுவர் மாதிரியான மேட்டைக் கேட்காதீர்கள். அதில் வர்ணமும் இருக்காது, பலகையும் இருக்காது. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் தூக்கி எறியப்படுவான். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிற ஆட்டோ குதிக்கும். 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வளைவாக, முன்னாலேயே பலகை வைத்துப் போடவேண்டும் என்று இந்திய ரோடு காங்கிரஸ் அளவே கொடுத்திருக்கிறது. அந்த அளவை மகஜரில் எழுதுங்கள். அளவு தெரிந்து கேட்கிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு; அப்புறம் அளந்து பார்க்கவும் முடியும்.

ஆபீசில் என்ன பதில் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மெயின் ரோடு எங்களுடையதல்ல, ஹைவேஸ்காரர்களுடையது என்பார்கள். ஹைவேஸில் கேட்டால் வண்டி நிறுத்துவது போலீஸ் சங்கதி என்பார்கள். போலீஸ்காரர், பலகை வைக்காமல் நாங்கள் எப்படி அபராதம் போடுவது, அதை முனிசிபாலிட்டியில் கேளுங்கள் என்பார். இந்த மூன்று இடத்துக்கும் அலைந்து ஓய்ந்து போன மகஜர்கள் நமது நாட்டில் எத்தனையோ உண்டு. ஆகவே ஒரே மகஜரை மூன்று பிரதியாக எடுத்து, மூன்று இடத்திலும் ஒரே நாளில் கொடுத்து, மூன்றிலும் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். எந்த வேலை எந்த ஆபீசைச் சேர்ந்தது என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரில் எழுதிவிடுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நமது மாகாணத்தில் 2022 நவம்பர் 1ஆம் தேதி நகரங்களில் பகுதி சபைகள் என்று முதல் தடவையாகக் கூட்டினார்கள். கிராமத்துக்குக் கிராம சபை போல டவுனுக்கு இது. இந்த வார்டில் அது எப்போது கூடிற்று, யார் போனீர்கள்? அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரைக் கேட்டு, அதில் இந்த விஷயத்தைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறபோது கும்பிட்டவர், கூட்டம் போடச் சொன்னால் ஓடி ஒளிய முடியாது.

மகஜரின் வாசகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கருணை கூர்ந்து", "தங்கள் பாதத்தில்", "ஏழைகளாகிய நாங்கள்" என்றெல்லாம் எழுதியிருக்கிறது. இவையெல்லாம் எதற்கு? சம்பளம் நீங்கள் கொடுக்கிறீர்கள், வரி நீங்கள் கொடுக்கிறீர்கள். வேலைக்காரனிடம் வேலையைச் சொல்லுவதற்கு எசமான் காலில் விழுவதுண்டா? மரியாதையாக எழுதுங்கள், போதும். பாதத்தை எடுத்துவிடுங்கள்.

ஆகவே, சந்திப்புகளில் வண்டி நிற்க முடியாதபடி கல் நடுவது, தெருவின் ஒரு பக்கத்தில் மாத்திரம் நிறுத்துவது, சிமெண்டு மேடைகளை இடித்து நடைபாதையை விடுவிப்பது, சேரிப் பிள்ளைகள் மெயின் ரோட்டைக் கடக்க மேடையிட்ட கோடும் பள்ளிக்கூட நேரத்தில் ஒரு காவலரும், பிள்ளையாருக்கு வேறு இடம், பூக்காரிகளுக்குக் குறித்த இடம் என்று மகஜரைத் திருத்தி எழுதும்படி தலைவரவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். திருத்தினால் கையெழுத்தை மறுபடியும் வாங்கவேண்டும். முதலில் இடிக்கப்படுவது உங்கள் மேடையாகத்தான் இருக்கும், முதலில் எடுக்கப்படுவது உங்கள் காராகத்தான் இருக்கும். அதற்குச் சம்மதமுள்ளவர்கள் மாத்திரம் போட்டால் போதும். இருநூறு ஐம்பதாகக் குறைந்தாலும் நமக்குக் கவலையில்லை. அந்த ஐம்பதையும் ஆபீசில் யாரும் "முதலில் உன் காரை எடு" என்று வாயடைக்க முடியாது.

நாளைப் பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் கூடுவதாகத் தலைவர் சொல்லுகிறார். பெண்கள் அவசியம் வரவேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான், எந்த முனையில் எத்தனை மணிக்கு என்ன நடக்கிறதென்று ஆண்களைவிட அவர்களுக்கே நன்றாய்த் தெரியும், பேசவும் அவர்களே பேசட்டும். வருகிறவர்கள் தயவுசெய்து நடந்தோ பஸ்ஸிலோ வாருங்கள். இனி திருத்த வேண்டிய பாராக்களைத் தலைவரவர்கள் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் இங்கேயே எழுந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.